பெரியம்மாவோட மஞ்சப்பையில இருந்த மஞ்சள் மாத்திரை

போன தை மாசம் பெரியம்மா ஈரோட்டுல இருந்து செக்கப்புக்கு சென்னை வந்தாங்க. அவங்களுக்கு ஆறு வருஷமா முடக்குவாதம், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், ஊர்ல பழைய ஆளுங்க சரவாங்கின்னு சொல்லுவாங்களே அதேதான். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, அது ஈரலைப் பாதிக்கலாம்னு அப்பப்ப ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. இந்தத் தடவ ஈரல் நம்பர் ரெண்டு மடங்குக்கு மேல ஏறிக் கிடந்துச்சு. டாக்டர் கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு "நான் எழுதிக் குடுத்தது தவிர வேற ஏதாச்சும் சாப்பிடுறீங்களாம்மா"ன்னு கேட்டாரு. பெரியம்மா யோசிக்கவே இல்ல, "ஒண்ணுமே இல்லீங்க சார்"ன்னுட்டாங்க.

வீட்டுக்கு வந்து அவங்க மஞ்சப்பையக் கொட்டிப் பாத்தா அஞ்சு அயிட்டம் விழுது. குர்குமின், அதாவது மஞ்சள்ல இருந்து பிரிச்ச சத்து, கேப்சூல் டப்பா ஒண்ணு, மீன் எண்ணெய் கேப்சூல், குளுக்கோசமைன் மாத்திரை, விட்டமின் டி சாஷே ஒரு கத்தை, அப்புறம் பேரே இல்லாத பிளாஸ்டிக் கவர்ல காப்பிப்பொடி கலர்ல ஒரு சூரணம். "இதையெல்லாம் ஏன் பெரியம்மா டாக்டர்கிட்ட சொல்லல"ன்னு கேட்டா "அதெல்லாம் மருந்தா கண்ணு, மஞ்சத்தூளும் மீன் எண்ணெயும்தான, சாப்பாடு மாதிரி"ங்கறாங்க. அமெரிக்காவுல இருக்கற மகன் "ஒடம்புல இன்ஃப்ளமேஷன் இருக்கும்மா, இதெல்லாம் கொறைக்கும்"னு சொல்லி வாங்கிக் குடுத்துட்டுப் போயிருக்கான், நல்ல மனசோடதான்.

அந்த ஒரு வார்த்தை இப்ப எங்க பாத்தாலும் ஓடுது. முட்டி வலியா இன்ஃப்ளமேஷன், தூக்கம் வரலையா இன்ஃப்ளமேஷன், தொப்பையா அதுவும் அதேதான். அதனால அது என்ன, அதை வெச்சு வித்துக்கிட்டு இருக்கற மாத்திரைங்க எவ்வளவு தூரம் வேல செய்யுது, சாப்பாட்டுல என்ன முடியும்னு அந்தப் பையில இருந்த சாமான வரிசையா வெச்சே பேசிடலாம்னு தோணுச்சு. நான் டாக்டர் இல்ல, படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுதான்.

இன்ஃப்ளமேஷனுக்குத் தமிழ்ல அழற்சின்னு பேரு, முதல்ல அது என்னன்னு பாத்துடுவோம். முள்ளு குத்துன எடம் செவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். இந்த நாலையும் சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாடியே ரோம்ல செல்சஸ்னு ஒருத்தர் எழுதி வெச்சுட்டாரு. ரத்தக்குழாய் அந்த எடத்துல விரிஞ்சு வெள்ளணுக்களை வெளிய விடுது, அது வந்து கிருமியத் தின்னுது, செத்த செல்லைக் கூட்டி அள்ளுது, வேல முடிஞ்சதும் அடங்கிடுது. இது இல்லாட்டி நாம ஒரு முள்ளுக்கே செத்துப்போயிருவோம். பிரச்சனை எங்கன்னா அடங்காம இருக்கும்போது. அடங்காம இருக்கறதுலயும் ரெண்டு வகை இருக்கு, அதை ஒண்ணாப் போட்டுக் குழப்பறதுலதான் பாதிக் கூத்து.

ஒண்ணு பெரியம்மாவுக்கு இருக்கற மாதிரி நோய் எதிர்ப்பு சக்தியே தன் மூட்டைத் தானே கடிக்கிறது. காலையில எந்திரிச்சா ஒரு மணி நேரம் கை மடங்காது, ரெண்டு கையிலயும் ஒரே விரல் மூட்டு வீங்கும். இதுல முதல் ரெண்டு வருஷம் ரொம்ப முக்கியம், அந்த நேரத்துல அடக்காம விட்டா எலும்பு அரிச்சுடும், அரிச்சது திரும்ப வராது. இன்னொண்ணு வெளிய ஒண்ணுமே தெரியாத, மெல்லமா கனன்றுக்கிட்டு இருக்கற வகை. வலி கிடையாது, வீக்கம் கிடையாது, ரத்தத்துல சில நம்பர் மட்டும் கொஞ்சம் ஒசந்து நிக்கும், வருஷக்கணக்குல அது இதய ரத்தக்குழாய், சர்க்கரை, ஈரல் கொழுப்புன்னு வேலையக் காட்டும். வெளம்பரத்துல வர்ற இன்ஃப்ளமேஷன் பெரும்பாலும் இந்த ரெண்டாவது, ஆனா மாத்திரை வாங்கறவங்க முதல் வகைக்காரங்களா இருப்பாங்க.

அந்த நம்பர்ல முக்கியமானது சிஆர்பி. 1930ல நிமோனியா நோயாளிங்க ரத்தத்துல கண்டுபிடிச்ச புரதம், ஈரல்தான் செய்யுது. ஒடம்புல எங்கயாச்சும் கலவரம்னா ஐஎல் 6ன்னு ஒரு ரசாயனத் தகவல் ஈரலுக்குப் போகும், ஈரல் சிஆர்பியக் கொட்டும். மெல்லிசாக் கனல்றதப் பாக்க ஹெச்எஸ் சிஆர்பின்னு நுட்பமான டெஸ்ட். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழன்னா இதய ரிஸ்க் கம்மி, 1ல இருந்து 3 நடுத்தரம், 3க்கு மேல அதிகம். 10ஐத் தாண்டுச்சுன்னா பெரும்பாலும் சளி காய்ச்சலோ வேற தொற்றோ இருக்கும், அது அடங்குனதும் திரும்ப எடுக்கணும். இங்க ஒரு சின்ன பள்ளம் இருக்கு, சில லேப்ல லிட்டர் கணக்கு, சில லேப்ல டெசிலிட்டர் கணக்கு, அதுவே பத்து மடங்கு வித்தியாசம். ஒரு லேப்ல 0.4, அடுத்த லேப்ல 4ன்னு வந்ததும் "பத்து மடங்கு ஏறிடுச்சு"ன்னு பதறுனவங்களை நான் பாத்திருக்கேன், நம்பருக்குப் பக்கத்துல இருக்கற யூனிட்ட யாரும் பாக்கறதில்ல.

சரி, இந்தக் கனலை அணைச்சா நெசமாவே இதயத்துக்கு நல்லதான்னு பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கு. 2017ல வந்த கான்டோஸ்னு ஒண்ணு, ஏற்கனவே ஹார்ட் அட்டாக் வந்த 10,061 பேரு, கொழுப்பத் தொடாம அழற்சிய மட்டும் அடக்கற ஊசி போட்டாங்க. 150 மில்லிகிராம் டோஸ்ல மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூணும் சேத்து 15 சதவீதம் கொறஞ்சுச்சு. அப்ப அழற்சி சும்மா பக்கத்துல நிக்கற சாட்சி இல்ல, அதுவும் ஒரு குற்றவாளிதான்னு ஆயிடுச்சு. ஆனா அதே ஊசி போட்டவங்கள்ல உயிரப் பறிக்கற தொற்று கூடுச்சு, மொத்தச் சாவு எண்ணிக்கை கொறையவே இல்ல. காவக்காரனுக்குத் தூக்க மாத்திரை குடுத்தா வீடு அமைதியாத்தான் இருக்கும், திருடனும் அமைதியா வந்துட்டுப் போவான். "அழற்சியக் கொறைக்கும்"னு ஒரு டப்பாவுல போட்டிருந்தா, எதுவும் கெடுதல் பண்ணாம அது மட்டும் நடக்கும்னு நம்பறதுக்கு முன்னாடி இந்த ஆராய்ச்சிய நெனச்சுக்கோங்க.

இப்ப பைக்குள்ள வருவோம். முதல் டப்பா, குர்குமின்.

ஈரோட்டுக்காரங்ககிட்ட மஞ்சளைப் பத்தி கொற சொல்றது கொஞ்சம் தைரியமான காரியம், 2019ல புவிசார் குறியீடு வாங்குன ஊரு. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. மஞ்சத்தூள்ல குர்குமின் சுமாரா 3 சதவீதம்தான் இருக்கும், மேகாலயா லகடாங் மாதிரி சில ரகத்துல கூட வரும். நாலு பேரு வீட்டுல குழம்பு, பொரியல், ரசம் எல்லாம் சேத்து நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 3 கிராம் போடுறோம்னு வைங்க, ஒரு ஆளுக்கு முக்கா கிராம் மஞ்சள், அதுல குர்குமின் இருபது இருபத்தஞ்சு மில்லிகிராம். பெரியம்மாவோட கேப்சூல் 500 மில்லிகிராம், 95 சதவீத குர்குமினாய்டுன்னு போட்டிருக்கு. அப்ப ஒரு கேப்சூல் 15 கிராம் மஞ்சத்தூளுக்குச் சமம், அஞ்சு டீஸ்பூன். இவங்க ரெண்டு வேள போடுறாங்க, அப்ப பத்து டீஸ்பூன். நம்ம பாட்டி எத்தன தலைமுறையா மஞ்சள் சாப்பிட்டு நல்லா இருந்தாங்கங்கறது நெசம், ஆனா எந்தப் பாட்டியும் தெனம் பத்து ஸ்பூன் முழுங்கல.

அது மட்டும் இல்ல, குர்குமின் குடல்ல சரியா உறிஞ்சவே உறிஞ்சாது, உறிஞ்சுன கொஞ்சத்தையும் ஈரல் ஒடனே மாத்தி வெளிய தள்ளிடும். 1998ல பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மெடிக்கல் காலேஜ்ல ஒரு ஆராய்ச்சி, 2 கிராம் குர்குமின் தனியாக் குடுத்தா ரத்தத்துல கிட்டத்தட்ட ஒண்ணுமே தெரியல, கூடவே 20 மில்லிகிராம் பைப்பரின், அதாங்க மிளகோட காரச்சத்து, குடுத்தா 2000 சதவீதம் ஏறுச்சு. இந்த ஒரு நம்பரை வெச்சுத்தான் இன்னைக்கு பாதி குர்குமின் டப்பாவுல மிளகுச் சத்து சேத்து விக்கறாங்க. பைப்பரின் எப்படி இதைச் செய்யுதுன்னு யாரும் டப்பாவுல எழுதறதில்ல. ஈரலும் குடலும் வெளிப்பொருள உடைச்சுக் கழிக்கிற வேலைய அது தடுக்குது. குர்குமினை மட்டும் பாத்துத் தடுக்கறதுக்கு அதுக்குக் கண்ணு இல்ல, நீங்க சாப்பிடற வலிப்பு மாத்திரை மாதிரி வேற மருந்தும் சேந்து ரத்தத்துல ஏறலாம். பொங்கல்ல கடிபடற மிளகு வேற, அடர்த்தியாப் பிரிச்சு எடுத்த பைப்பரின் தெனம் ரெண்டு வேள வேற.

வேல செய்யுதான்னு கேட்டா, கொஞ்சம் செய்யுது, சில எடத்துல. தாய்லாந்துல 2014ல முட்டித் தேய்மானம் உள்ள 367 பேரை வெச்சு மஞ்சள் சத்து நாளைக்கு 1500 மில்லிகிராம் ஒரு பக்கம், ஐபுப்ரொஃபென்ங்கற வலி மாத்திரை 1200 மில்லிகிராம் ஒரு பக்கம், நாலு வாரம் குடுத்துப் பாத்ததுல வலி கொறையறதுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்துச்சு, வயித்து உபாதை மஞ்சள் பக்கம் கம்மி. இது தேய்மானத்துக்கு, அதுவும் நாலே வாரம். பெரியம்மாவோட வாதத்துல எலும்பு அரிப்பைத் தடுக்கும்னு காட்டுன எந்தப் பெரிய ஆராய்ச்சியும் கிடையாது. 2017ல மருந்து வேதியியல்காரங்க சிலர் சேந்து எழுதுன ஒரு பெரிய அலசல் கட்டுரையில இன்னும் கறாரா சொல்லிட்டாங்க, குர்குமின் டெஸ்ட் ட்யூப்ல எல்லா டெஸ்ட்டுலயும் பாஸ் ஆகற மாதிரி ஏமாத்தற மூலக்கூறு, தானாவே ஒளிரும், கண்ட புரதத்தோடயும் ஒட்டும், அதனால லேப்ல "வேல செய்யுது"ன்னு வந்த பல முடிவை நம்ப முடியாதுன்னு. டெக்சாஸ்ல குர்குமின் ஆராய்ச்சியில கொடி கட்டிப் பறந்த ஒருத்தரோட இருபதுக்கும் மேற்பட்ட பேப்பர் பின்னாடி வாபஸ் வாங்கப்பட்டிருக்கு, அது வேற கதை.

ஈரல் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவுல மருந்தால ஈரல் கெடறதக் கண்காணிக்கற ஒரு ஆராய்ச்சி அமைப்பு இருக்கு, அவங்க 2022ல மஞ்சள் சப்ளிமென்ட்டால ஈரல் அடிபட்ட 10 பேரைப் பத்தி எழுதுனாங்க. அஞ்சு பேரு ஆஸ்பத்திரியில அட்மிட், ஒருத்தர் எறந்துட்டாரு. பத்துல ஏழு பேருக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்துச்சு, அதாவது எல்லாருக்கும் இது ஆகாது, ஆனா யாருக்கு ஆகும்னு முகத்தப் பாத்து சொல்ல முடியாது. இத்தாலி அரசாங்கம் இதே மாதிரி கேஸ் வந்ததும் டப்பாவுல எச்சரிக்கை போடச் சொன்னாங்க, ஆஸ்திரேலியாவுலயும் 2023ல எச்சரிச்சாங்க. நம்ம ஊர்லயும் கொரோனா நேரத்துல சீந்தில் கொடி கஷாயம் குடிச்சு ஈரல் வீங்குன கேஸ் வந்துச்சு, மும்பையில 6 பேரு, அப்புறம் நாடு முழுக்க 13 மருத்துவமனை சேந்து 43 பேருன்னு டாக்டருங்க பதிவு பண்ணாங்க, ஆயுஷ் தரப்பு ஒத்துக்கல, அந்தச் சண்ட தனி.

பெரியம்மா கேஸ்ல ஈரல் ஏறுனது குர்குமினாலயா மெத்தோட்ரெக்ஸேட்டாலயான்னு டாக்டராலயே அன்னைக்கு சொல்ல முடியல. அதுதான் இதுல பெரிய எடைஞ்சல். விஷயம் தெரியாம அவரு மெத்தோட்ரெக்ஸேட்ட நிறுத்தியிருந்தா, மூட்டைக் காப்பாத்தற ஒரே மாத்திரை போயிருக்கும், சந்தேகப்பட வேண்டிய இன்னொண்ணு பையிலயே பத்திரமா இருந்திருக்கும்.

ரெண்டாவது டப்பா மீன் எண்ணெய். பெரியம்மாவுக்கு இருக்கற வகை வாதத்துக்கு நெசமாவே கொஞ்சம் ஆதாரம் இருக்கற சப்ளிமென்ட்டுன்னா இந்தப் பையில இது ஒண்ணுதான். மீனோட கொழுப்புல இருக்கற இபிஏ, டிஹெச்ஏன்னு ரெண்டு ஒமேகா 3, அது நம்ம செல் சுவத்துக்குள்ள போய் ஒக்காந்துக்கிட்டா அங்க இருந்து உருவாகற அழற்சி ரசாயனம் கொஞ்சம் சாந்தமான ஜாதியா மாறுது. நாளைக்கு சுமார் 3 கிராம் அளவுக்கு மேல மூணு மாசமாச்சும் எடுத்தவங்களுக்கு மூட்டு வலி, காலை இறுக்கம், வலி மாத்திரைத் தேவை எல்லாம் ஓரளவு கொறஞ்சிருக்கு. ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல புதுசா வாதம் வந்தவங்களுக்கு வழக்கமான மருந்தோட சேத்து 5.5 கிராம் குடுத்தப்ப மருந்து தோத்துப்போறது கம்மியாச்சு. மருந்தோட சேத்து, அதை விட்டுட்டு இல்ல.

ஆனா டப்பாவத் திருப்பிப் பின்னாடி பாருங்க. முன்னாடி பெருசா 1000 மில்லிகிராம்னு போட்டிருக்கும், பின்னாடி பொடி எழுத்துல இபிஏ 180, டிஹெச்ஏ 120. அப்ப உருப்படியான சரக்கு 300 மில்லிகிராம், மிச்சம் வெறும் எண்ணெய். 3 கிராம் வேணும்னா பத்து கேப்சூல். பெரியம்மா ஒண்ணு போட்டுக்கிட்டு இருந்தாங்க. குர்குமின்ல சாப்பாட்டுல போறத விட நாப்பது மடங்கு பக்கம் அளவு மீறி, இதுல தேவையான அளவுல பத்துல ஒரு பங்கு. ரெண்டும் ஒரே பையில, ரெண்டும் "சாப்பாடு மாதிரி". அதுக்காக பத்து கேப்சூல் நீங்களா முழுங்கிடாதீங்க, அதிக டோஸ்ல இதயத் துடிப்பு தாறுமாறா ஓடற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ரிஸ்க் கூடுதுன்னு பெரிய ஆராய்ச்சிங்கள்ல வந்திருக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க, ஆபரேஷனுக்குப் போறவங்க கண்டிப்பா டாக்டர்கிட்ட கேக்கணும்.

வாதம் எதுவும் இல்லாத ஆளு "பொதுவா இன்ஃப்ளமேஷனுக்கு"ன்னு மீன் எண்ணெய் போடலாமான்னு கேட்டா, அந்தக் கேள்விக்கு வைட்டல்னு ஒரு ஆராய்ச்சி பதில் சொல்லுது. அமெரிக்காவுல 25,871 பேரு, நாளைக்கு 1 கிராம் ஒமேகா 3, இல்லாட்டி 2000 யூனிட் விட்டமின் டி, இல்லாட்டி ரெண்டும், இல்லாட்டி டம்மி, அஞ்சு வருஷத்துக்கு மேல. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூணும் சேத்த கணக்கும் சரி, கேன்சரும் சரி, சொல்லிக்கிற மாதிரி கொறையல. ஒரு வருஷம் கழிச்சு சிஆர்பி, ஐஎல் 6 எல்லாம் எடுத்துப் பாத்தாங்க, அதுவும் கொறையல. ஒரே ஒரு எடத்துல சுவாரசியம், விட்டமின் டி எடுத்தவங்களுக்குப் புதுசா ஆட்டோஇம்யூன் நோய் வர்றது 22 சதவீதம் கம்மியா இருந்துச்சு. இது வராம தடுக்கறதுல, வந்ததுக்கப்புறம் கொணமாக்கறதுல இல்ல.

விட்டமின் டின்னு வந்ததால அந்த சாஷேவையும் முடிச்சுடுவோம். 60,000 யூனிட், கொறைபாடு இருந்தா வாரத்துக்கு ஒண்ணுன்னு எட்டு வாரம் பக்கம் எழுதுவாங்க, அப்புறம் கொறைச்சுடுவாங்க. பெரியம்மா ஒண்ணரை வருஷமா விடாம வாரா வாரம் தண்ணியில கலக்கிக் குடிக்கிறாங்க, யாரும் நிறுத்தச் சொல்லலையாம். இது கொழுப்புல கரையற விட்டமின், மிஞ்சுனா ஒண்ணுக்குல போகாது, ஒடம்புலயே தங்கும், கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், கிட்னி பாதிப்பு வரைக்கும் போகும். சில பேரு இதை தெனமும் ஒண்ணுன்னு தப்பாப் புரிஞ்சுக்கிட்டு அட்மிட் ஆகியிருக்காங்க. ரத்தத்துல லெவல் பாத்துட்டு முடிவு பண்ற விஷயம், அவ்ளோதான்.

குளுக்கோசமைன் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல. தேய்மானத்துக்கே 2006ல அமெரிக்காவுல 1,583 பேரை வெச்சுப் பாத்ததுல மொத்தமா டம்மி மாத்திரைக்கு மேல ஒண்ணும் பெருசா செய்யல. வாதத்துக்கு சம்பந்தமே இல்ல. கெடுதலும் பெருசா இல்ல, காசுதான்.

கடைசி அயிட்டம், அந்தக் காப்பிப்பொடி கலர் சூரணம். வாரச்சந்தையில ஒருத்தர் வித்தாராம், பத்து நாளுதான் சாப்பிட்டாங்களாம், "ஆனா கண்ணு, அந்தப் பத்து நாளும் வலி இருந்த எடமே தெரியல, பறந்தேன்"னு சொல்றாங்க. எனக்கு வயிறு கலங்குனது இங்கதான். பத்து நாள்ல வாத வலிய அப்படிச் சுத்தமா தொடைக்கிற மூலிகைன்னு ஒண்ணு இல்ல, ஆனா அப்படித் தொடைக்கிற மருந்து ஒண்ணு இருக்கு, ஸ்டீராய்டு. மூட்டு வலிப் பொடியில டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டைக் கலந்து விக்கறது ஒலகம் பூரா நடக்கற திருட்டுத்தனம். 2022ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஆர்ட்ரி கிங்னு ஒரு மூட்டு சப்ளிமென்ட்ட டெஸ்ட் பண்ணிட்டு, லேபிள்ல போடாத டைக்ளோஃபினாக்ங்கற வலி மருந்தும் டெக்ஸாமெத்தசோனும் உள்ள இருக்குன்னு எச்சரிச்சாங்க. மாசக்கணக்கா சாப்பிட்டா மூஞ்சி உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், அதவிட மோசம் திடீர்னு நிறுத்தினா ஒடம்பு தானா ஸ்டீராய்டு சுரக்கறத மறந்துபோய் மயங்கி விழலாம். அதனால ரொம்ப நாளா இந்த மாதிரி பொடி சாப்பிட்டவங்க பயந்து டக்னு தூக்கிப் போடாம பொடியோட டாக்டர்கிட்ட போகணும். லேபிள் இல்லாத பொடி அதிசயமா வேல செஞ்சா சந்தோஷப்படறதுக்குப் பதில் சந்தேகப்படுங்க.

லேபிள் இருந்தா மட்டும் என்ன? இந்தியாவுல சப்ளிமென்ட்டுன்னு விக்கறதுல பெரும்பாலானது மருந்துக் கட்டுப்பாட்டுக்குக் கீழ வராது, உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குக் கீழ வருது. அப்படி வர்ற டப்பாவுல "நாட் ஃபார் மெடிசினல் யூஸ்"னு, மருந்தாப் பயன்படுத்த அல்லன்னு, போட்டே ஆகணும், பெரியம்மா டப்பாவுலயும் இருந்துச்சு. நாம வாங்கறது மருந்துக்குத்தான், அவங்க விக்கறது மருந்து இல்லன்னு சொல்லித்தான்.

இப்ப சாப்பாடு. இங்க எனக்கு நம்பிக்கை ஜாஸ்தி, ஆனா ஒரு காய் ஒரு பொடின்னு பேசறதுல இல்ல.

நம்ம ஆளுங்களுக்கு மெல்லமாக் கனல்ற அழற்சியோட பெரிய அடுப்பு வயித்துக் கொழுப்பு. தொப்பைக்குள்ள குடலச் சுத்தி இருக்கற கொழுப்பு சும்மா கெடக்கற மூட்டை இல்ல, அது டிஎன்எஃப், ஐஎல் 6ன்னு அழற்சி ரசாயனத்த சுரந்துக்கிட்டே இருக்கு, அது நேரா ஈரலுக்குப் போகுது. ஒல்லியா இருக்கேனேன்னு சொல்றவங்களுக்கு ஒரு படம் இருக்கு. 2004ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு, புனேல இருக்கற யாஜ்னிக்கும் லண்டன்ல இருக்கற யுட்கின்னும் ரெண்டு டாக்டருங்க பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது ஒயரத்துக்கு எட எவ்வளவுங்கற கணக்கு, அச்சு அசலா 22.3. ஒடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அதனாலதான் நமக்கு இடுப்பு அளவு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80ன்னு தனி வரம்பு. டைலர் டேப் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், அழற்சிக்கு அதவிட மலிவான டெஸ்ட் இல்ல. எட கொறைஞ்சா சிஆர்பி கொறையும், இது திரும்பத் திரும்ப நிரூபிச்ச விஷயம், முட்டிக்கும் சொமை கொறையும்.

அப்ப தட்டுல என்ன மாறணும்னா, முதல்ல சோத்து மலை. இந்தியா முழுக்க ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், எடுத்த சர்வேல நாம சாப்பிடற கலோரியில கிட்டத்தட்ட 62 சதவீதம் மாவுச்சத்துல இருந்தே வருது, அதுவும் தீட்டுன அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை. அதுல கொஞ்சத்த எடுத்துட்டு பருப்பு, சுண்டல், கீரை, முட்டை, மீன்னு நிரப்பறது எந்த கேப்சூலையும் விட பெரிய காரியம். நார்ச்சத்து குடல்ல இருக்கற பாக்டீரியாவுக்குத் தீனி, அது தின்னுட்டு பியூட்டிரேட்டுன்னு ஒரு அமிலம் செய்யும், அது குடல் சுவத்தையும் அங்க இருக்கற எதிர்ப்பு சக்தியையும் சாந்தமா வெச்சுக்கும்.

2021ல ஸ்டான்ஃபோர்டுல ஒரு சின்ன ஆராய்ச்சி, 36 பேரு, பத்து வாரம். பாதிப் பேரு நார்ச்சத்து அதிகமா, பாதிப் பேரு தயிரு, கெஃபிர், கிம்ச்சி மாதிரி புளிச்ச சாப்பாடு. புளிச்ச சாப்பாட்டுக் கோஷ்டிக்கு குடல் பாக்டீரியா வகை கூடி, 19 அழற்சிப் புரதம் கொறஞ்சுச்சு, நார்ச்சத்து கோஷ்டிக்கு எல்லாருக்கும் அப்படி நடக்கல. 36 பேருங்கறது ரொம்பச் சின்ன கூட்டம், ஆனா மோரும் பழைய சோறும் வெச்சிருக்கற நமக்கு கேக்க இனிக்கும்தான். அதுக்குள்ள "இட்லியும் புளிச்சதுதான"ன்னு கெளம்பிடாதீங்க, மாவுல இருக்கற பாக்டீரியா ஆவியில வெந்து போயிடும், உயிரோட உள்ள போறது தயிரும் மோரும் நீராகாரமும்தான்.

மீனுக்கு வஞ்சிரம் தேட வேணாம். மத்தி, சில ஊர்ல சாளைன்னு சொல்லுவாங்க, அப்புறம் கானாங்கெளுத்தி, விலை கம்மி, ஒமேகா 3 ஜாஸ்தி. மத்தியில கொழுப்பு ஏறியிருக்கற சீசன்ல 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கு மேலயே கிடைக்கும், பெரியம்மாவோட கேப்சூல் மூணு நாலு. குழம்பா வெச்சா கொழுப்பு குழம்புலயாச்சும் நிக்கும், முக்கிப் பொரிச்சா எண்ணெய்க்குப் போயிடும். சைவக்காரங்களுக்கு ஆளி விதை, வால்நட்ல வேற வகை ஒமேகா 3 இருக்கு, ஒடம்பு அதுல ரொம்பக் கொஞ்சத்தைத்தான் இபிஏவா மாத்தும், பாசியில இருந்து எடுக்கற கேப்சூலும் இருக்கு.

எண்ணெய் சண்டையப் பத்தி ஒரு வார்த்தை. ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெய்தான் அழற்சிக்குக் காரணம், அதுல ஒமேகா 6 இருக்குன்னு வீடியோவுக்கு வீடியோ சொல்றாங்க. மனுஷங்களுக்கு லினோலிக் அமிலம், அந்த எண்ணெயில இருக்கற ஒமேகா 6 அதுதான், கூட்டிக் குடுத்துப் பாத்த ஆராய்ச்சிங்களத் தொகுத்துப் பாத்தா சிஆர்பி ஏறவே இல்ல. செக்கு எண்ணெய் ருசிக்காக வாங்குங்க, தப்பில்ல. ஆனா பயப்பட வேண்டியது பஜ்ஜிக் கடையில கருப்பா நொரைக்கிற மூணாம் நாள் எண்ணெயும் வனஸ்பதியில வர்ற டிரான்ஸ் கொழுப்பும், அது அழற்சிய ஏத்துதுன்னு நல்லாவே தெரியும். டிரான்ஸ் கொழுப்புக்கு 2022ல இருந்து 2 சதவீத வரம்பு வந்துடுச்சு, கடைச் சட்டிய யார் அளக்கறதுன்னு கேக்காதீங்க.

கத்தரிக்காய், தக்காளி, பால் எல்லாம் வாதத்துக்கு ஆகாதுன்னு பெரியம்மா ஆறு வருஷமா தொடல. பொதுவா எல்லாருக்கும் அது அழற்சிய ஏத்துதுன்னு ஆதாரம் இல்ல, பால் பொருள்ல நேர்மாறாத்தான் கொஞ்சம் தெரியுது. ஆனா ஒருத்தருக்குத் தனியா ஒத்துக்காம இருக்கலாம். மூணு வாரம் விட்டுட்டு, அப்புறம் திரும்பச் சாப்பிட்டு, வலிய நோட்டுல எழுதிப் பாத்தா தெரிஞ்சுடும், ஆறு வருஷம் பட்டினி கெடக்கத் தேவையில்ல. நார்வேயில 1991ல வாதக்காரங்களை ஒரு வாரம் பத்து நாள் விரதம் இருக்க வெச்சு, அப்புறம் ஒரு வருஷம் சைவச் சாப்பாட்டுல வெச்சப்ப வலி கொறைஞ்சது பதிவாகியிருக்கு, அப்ப சாப்பாட்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லன்னும் சொல்ல முடியாது.

யாரும் கண்டுக்காத ஒண்ணு, பல்லு. ஈறுல ரத்தம் வடியறது தெனமும் நடக்கற அழற்சி, சிஆர்பிய ஏத்தும், ஈறு வைத்தியம் பண்ணா எறங்கும். வாதத்துக்கும் ஈறு நோய்க்கும் தொடர்பு இருக்குன்னும் பாத்திருக்காங்க. ரெண்டாயிரம் ரூபாய்க்கு குர்குமின் வாங்கற வீட்டுல பல் க்ளீன் பண்ண ஆயிரம் ரூபா செலவு பண்ண மாட்டோம்.

மறுநாள் பையோட டாக்டர்கிட்ட திரும்பப் போனோம். அவரு கோவிச்சுக்கல, ஒவ்வொரு டப்பாவா திருப்பிப் பாத்துட்டு குர்குமின், குளுக்கோசமைன், சூரணம் மூணையும் நிறுத்தச் சொன்னாரு, டி லெவல் எடுக்கச் சொன்னாரு, மீன் எண்ணெய அடுத்த தடவ பேசிக்கலாம்னாரு, மெத்தோட்ரெக்ஸேட் டோஸக் கொஞ்சம் கொறச்சு ஃபோலிக் ஆசிட்டோட தொடரச் சொன்னாரு. ரெண்டு மாசம் கழிச்சு ஈரல் நம்பர் நார்மல். மஞ்சள நிறுத்துனதாலயா டோஸக் கொறச்சதாலயான்னு இப்பவும் சொல்ல முடியாது.

ரிப்போர்ட் வந்த அன்னைக்கு சாயந்தரம் பெரியம்மா போன் பண்ணாங்க. சந்தையில நல்ல மத்தி வந்திருந்துச்சாம், அரைக் கிலோ வாங்கி ஆஞ்சு வெச்சிருக்காங்களாம், புளியும் கரைச்சாச்சாம். சொல்லிட்டு கொஞ்ச நேரம் பேச்சே காணோம், அப்புறம் மெதுவா, "ஏங் கண்ணு, குழம்புக்கு மஞ்சத்தூள் போடலாமுல்ல?"